ஹேவ்லாக் போகிற பிள்ளைக்கு

கண்ணு,

ஸ்கூபாவா, ஸ்நார்கலிங்கா, எதற்குப் பணம் கட்டட்டும் என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அதில் பாதியைத்தான் காதில் வாங்குவாய் என்பதால் எழுதுகிறேன். உன் மாமாவின் வேலைக்காக அந்தமான் போனவள் நான். பாதி ஆயுள் அங்கேயே கழிந்தது. ஊரிலிருந்து வருகிற சொந்தபந்தங்களை ஹேவ்லாக் கூட்டிப்போவது எப்போதும் என் பொறுப்பு. யார் சிரித்துக்கொண்டே கரையேறினார்கள், யார் முகம் வெளிறி ஏறினார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்ததுதான் இது. டிக்கெட்டில் ஊர்ப்பெயரைப் பார்த்துக் குழம்பாதே. ஹேவ்லாக்குக்கு 2018இலிருந்து சுவராஜ் தீவு என்றும் நீல் தீவுக்கு ஷஹீத் தீவு என்றும் பெயர். போர்ட் பிளேர் 2024இலிருந்து ஸ்ரீ விஜயபுரம். வாயில் புழங்குவது இன்னும் பழைய பெயர்கள்தான்.

1. இரண்டும் எங்கே பிரிகின்றன என்று முதலில் தெரிந்துகொள். ஸ்நார்கலிங்கில் நீ தண்ணீருக்கு மேலே குப்புற மிதக்கிறாய். வாயில் இருக்கும் குழாய் வெளிக்காற்றைத் தருகிறது. ஸ்கூபாவில் காற்றை முதுகில் சுமந்துகொண்டு கீழே இறங்குகிறாய். அந்த சிலிண்டரை எல்லோரும் ஆக்ஸிஜன் சிலிண்டர் என்பார்கள். உள்ளே இருப்பது நீயும் நானும் இப்போது இழுக்கிற சாதாரணக் காற்று, அழுத்தி நிரப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். "குழாயையே நாலு மீட்டருக்கு நீட்டிவிட்டால் சிலிண்டர் எதற்கு?" என்று கடற்கரையில் ஒரு பள்ளிக்கூடப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஒரு மீட்டர் ஆழத்துக்குப் போனாலே தண்ணீர் நெஞ்சுக்கூட்டை அமுக்கும் அமுக்கலில் மேலேயிருந்து காற்றை இழுக்க நம் தசைகளுக்குத் தெம்பு போதாது. விட்ட மூச்சே குழாயில் தங்கித் திரும்ப வரும். பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. காது வலிப்பது, மெதுவாக ஏறச் சொல்வது, முங்கிய கையோடு விமானம் ஏறாதே என்பது எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து வருகிறவை.

2. பெருமைக்காகத் தேர்ந்தெடுக்காதே. ஸ்கூபா என்றால் பெரியவர்களுக்கு, ஸ்நார்கலிங் என்றால் பயந்தவர்களுக்கு என்று படகுத்துறையில் நிற்கிற தரகர்கள் பேசுவார்கள். ஸ்கூபாவுக்குப் பணம் பல மடங்கு. அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் பவளம் வெயிலைத் தின்று வாழ்கிற உயிர். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளிச்சத்தில்தான் உணவு சமைக்கும். அதனால் பவளப்பாறையின் செழிப்பெல்லாம் மேல்மட்டத்திலேயே நிறையக் கிடைக்கிறது. நிறமும் அப்படித்தான். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை; சில மீட்டர் இறங்கியதுமே சிவப்பு மங்கிச் சாம்பல் நீலமாகிவிடும். வெயில் நன்றாக விழும் காலை வேளையில், இரண்டு மீட்டர் தண்ணீருக்கு மேல் மிதக்கிறவர் பார்க்கிற நிறம், பன்னிரண்டு மீட்டரில் டார்ச் இல்லாமல் போகிறவருக்குக் கிடைக்காது.

அப்படியானால் ஸ்கூபாவில் என்னதான் இருக்கிறது? அருகாமை இருக்கிறது. மேலேயிருந்து பார்க்கும்போது கோமாளி மீன் ஓர் ஆரஞ்சுப் புள்ளி. கீழே போய் அதன் வீட்டெதிரில் நின்றால், அந்தச் சுண்டுவிரல் பயல் உன் கண்ணாடிவரை வந்து முட்டி விரட்டிவிட்டு, திரும்பத் தன் கடல்சாமந்திக்குள் புகுந்துகொள்வதைப் பார்க்கலாம். கிளிமீன் பாறையைக் கொறிக்கிற சத்தம் கேட்கும். அது கொறித்துத் தின்று வெளியே தள்ளுவதும் வெள்ளை மணலாகக் கரையில் கிடக்கிறது. நீ அதன்மேல்தான் பாய் விரித்துப் படுக்கப் போகிறாய். உடம்பின் எடையே தெரியாமல் அந்தரத்தில் நிற்பதை ஒருமுறை பழகியவர்கள் அதற்காகவே திரும்பத் திரும்ப வருகிறார்கள். இரண்டும் வேறு வேறு சந்தோஷங்கள். ஒன்றின் பாதிதான் மற்றொன்று என்று நினைத்துவிடாதே.

இன்னொன்று: தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ஊருக்கு வந்து திருக்கையின் அகலத்தைக் கையை விரித்துக் காட்டும்போது அதைக் கழித்துக்கொண்டு காட்டு.

3. படிவத்தில் பொய் எழுதாதே. ஸ்கூபாவுக்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா உண்டா, வலிப்பு வந்ததுண்டா, இதய நோய், காதில் அறுவை சிகிச்சை, கர்ப்பம், சைனஸ், இப்போது சாப்பிடும் மருந்துகள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்கிற ஆற்றாமையில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடிக்கிறவர்கள்தான் அதிகம். நம் வீட்டு மாப்பிள்ளை ஒருவரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். உடை மாற்றும்போது சட்டைப்பையிலிருந்து இன்ஹேலர் கீழே விழுந்தது. இன்ஸ்ட்ரக்டர் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, "சார், உங்களைக் கூட்டிப்போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவர் கத்தினார், காசைத் திருப்பிக் கேட்டார், இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அந்தப் பெண்தான் அன்றைக்கு அவருக்கு உண்மையான உறவு. மூச்சுக்குழாய் சுருங்குகிற உடம்பில் கீழே இழுத்த காற்று மேலே வரும்போது சிக்கிக்கொண்டால் நுரையீரல் கிழியும்.

சளியும் அப்படித்தான். மூக்கடைப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். மாத்திரையின் வேகம் கடலுக்கு அடியில் தீர்ந்தால் காதுக்குள் அடைபட்ட காற்று ஏறும் வழியில் வெளியேற முடியாமல் வலியில் துடிக்க வைக்கும். சளி இருந்தால் அன்றைக்கு ஸ்கூபா இல்லை. மிதக்கலாம்.

4. நீச்சல் தெரியாதே என்று கூனிக் குறுகாதே. ஹேவ்லாக்கில் முதல்முறை முங்குகிறவர்களுக்கு நீச்சல் கேட்பதில்லை. ஆளுக்கு ஓர் இன்ஸ்ட்ரக்டர். உன் ஜாக்கெட்டில் காற்றை ஏற்றுவது, இறக்குவது, உன்னைப் பிடித்து நகர்த்துவது எல்லாம் அவர் பாடு. மூச்சு விடுவது மட்டும் உன் பாடு. இந்த முதல் முங்கல் 12 மீட்டரைத் தாண்டாது, தாண்டவும் கூடாது. ஸ்நார்கலிங்கில் உனக்கு லைஃப் ஜாக்கெட் உண்டு. ஹேவ்லாக்கின் எலிஃபண்ட் பீச்சில் ஒரு மிதவை வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வழிகாட்டி இழுத்துக்கொண்டு போவார். படகுக் கட்டணத்தோடு சேர்த்துத் தருகிற சுற்று கண் பழகுவதற்குள் முடிந்துவிடும். கொஞ்சம் கூடப் பணம் கொடுத்து நீண்ட சுற்றாகக் கேள்.

ஆனால் ஒன்று. நீச்சல் தெரியாதது வேறு, தண்ணீரைக் கண்டால் நடுக்கம் வருவது வேறு. முகத்தைத் தண்ணீரில் வைத்தாலே நெஞ்சு படபடக்கிறதென்றால் நேராக ஸ்கூபாவுக்குப் போகாதே. இடுப்பளவு தண்ணீரில் மாஸ்க்கும் குழாயும் மாட்டிக்கொண்டு, தரையைக் கால் தொட, ஒரு காலைப்பொழுது முழுக்க சும்மா மூச்சு விட்டுப் பார். மூக்கை மூடிக்கொண்டு வாயால் மட்டும் மூச்சு விடுவதை மூளை முதலில் ஏற்காது. ஏற்றுக்கொண்டபின் எல்லாம் லேசு.

5. காது சொல்வதைக் கேள். இறங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெதுவாக மூக்கால் ஊது; காதுக்குள் 'பொப்' என்று திறக்கும். வலி வருவதற்கு முன்பே ஊத வேண்டும், வந்தபின் ஊதினால் திறக்காது. முதல் சில மீட்டர்களில்தான் காதுக்கு வேலை அதிகம். வலித்தால் கையைக் காட்டு, ஒரு மீட்டர் மேலே ஏறு, திரும்ப முயற்சி செய். திறக்கவில்லையா, அன்றைய முங்கல் அவ்வளவுதான். "கூட வந்தவர்கள் எனக்காகக் காத்திருக்கிறார்களே" என்று சங்கடப்பட்டு வலியோடு இறங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். செவிப்பறை கிழிந்தால் காத்திருந்தவர்கள் வந்து கேட்டுத் தரப் போவதில்லை.

கையைக் காட்டு என்றேனே, கட்டை விரலை மட்டும் உயர்த்திக் காட்டாதே! நம் ஊரில் அது 'சூப்பர்'. தண்ணீருக்கடியில் 'என்னை மேலே கூட்டிப்போ'. ஒரு பையன் ஆனந்தத்தில் கட்டை விரலை உயர்த்திக்கொண்டே இருந்தான், இன்ஸ்ட்ரக்டர் அவனை மேலே கொண்டுவந்து "என்ன ஆச்சு?" என்பார், "ஒன்றுமில்லையே!" என்பான், மறுபடி இறங்குவார்கள், மறுபடி விரல். நன்றாக இருக்கிறதென்றால் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டு.

6. மூச்சை அடக்காதே. இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பாயென்றால் இதை வைத்துக்கொள். உனக்கு உடனே சந்தேகம் வரும், எனக்குத் தெரியும். நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கித்தானே போனார்கள்? காலில் கல், இடுப்பில் கயிறு, ஏழெட்டு ஆள் ஆழம். 1961ஆம் ஆண்டு முத்துக்குளிப்போடு அது நின்றுபோனது; சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் அங்கே உண்டு. முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கலாம். ஏனென்றால் அவர்கள் இழுத்த காற்று கரைக்காற்று. கீழே போகப்போக நெஞ்சுக்குள் அது சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அதற்கு மேல் போகாது. நீ இழுப்பது கீழே, அழுத்தத்தில் வைத்துத் தரப்படும் காற்று. பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து, அப்படியே அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காகும். நெஞ்சு இரண்டு மடங்காகாது.

ஆகவே இழு, விடு, இழு, விடு. மீனைப் பார்த்து மெய்மறந்தாலும் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். பயம் வந்தால் மேலே பாய்ந்துவிடத் தோன்றும், அதுதான் ஆபத்து. நீ விட்ட சிறு குமிழிகளைவிட வேகமாக ஏறாதே என்பது பழைய ஆட்கள் சொல்லும் கணக்கு. கயிறு பிடிக்க நம்பிக்கையான ஆள் மேலே இல்லாமல் முத்துக்குளிப்பவர் யாரும் இறங்கியதில்லை. உனக்கு அந்த ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். நின்று, அவர் கண்ணைப் பார்த்து, நீளமாக நான்கு மூச்சு விடு. பதறாத காரியம் சிதறாது.

உன் சுபாவத்தையும் இங்கேதான் எடைபோட வேண்டும். சொன்னபடி கேட்கிற பிள்ளைகளுக்கு ஸ்கூபா எளிது. எதையும் தானே பிடித்து இழுத்துப் பார்க்கிற, பக்கத்தில் ஓர் ஆள் நின்றாலே எரிச்சல்படுகிற சுபாவமென்றால், முதல் விடுமுறையில் மிதந்து சுற்றுவதே உனக்குப் பிடிக்கும். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. உன் மாமா அந்த ரகம்தான். கடைசிவரை சிலிண்டர் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார். நீல் தீவின் பரத்பூர்க் கரையில் அவர் பார்க்காத மீன் இல்லை.

7. ஸ்நார்கலிங்கை விளையாட்டாக எண்ணி ஏமாறாதே. ஸ்கூபாவில் உன்னை ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொள்கிறார். வழிகாட்டி இல்லாமல் மிதக்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. முகம் கீழே இருப்பதால் நீரோட்டம் உன்னைத் தள்ளிக்கொண்டு போவது தெரியாது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் கரையைப் பார். தனியாகப் போகாதே. படகு வந்துபோகும் பாதையில் மிதக்காதே. குழாய்க்குள் தண்ணீர் போனால் 'தூ' என்று ஒரே ஊதலில் வெளியே தள்ளு. வயதான அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப்போகிறாயென்றால், "சும்மா மிதக்கிறதுதானே" என்று தள்ளிவிடாதே. இதயக் கோளாறு உள்ளவர்களுக்குக் கடலில் கால் அடித்து நீந்துவது மாடிப்படி ஏறுவதைவிடக் கடினம்.

மாஸ்க்கைக் கரையிலேயே சோதித்துவிடு. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழு. கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அது உன் அளவு. உள்ளே ஒரு முடி மாட்டினாலும் ஒழுகும். மீசைக்காரர்களுக்கு ஒழுகத்தான் செய்யும். கண்ணாடி பனிமூட்டம் போடாமலிருக்க உள்பக்கம் எச்சிலைத் துப்பித் தேய்த்துக் கழுவு. முகம் சுளிக்காதே, இன்ஸ்ட்ரக்டர்கள் எல்லோரும் செய்வதுதான்.

முதலை எச்சரிக்கைப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு அதே இடத்தில் இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2010இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்கலிங் செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணை உப்புநீர் முதலை கொன்றது. அடிக்கடி நடப்பதில்லை, நடந்திருக்கிறது. அலையாத்திக் காடும் ஓடை முகத்துவாரமும் உள்ள பக்கம் போகாதே. பொழுது சாயும் நேரத்தில் இறங்காதே. தடுப்புவலை போட்ட இடத்தில் வலைக்கு உள்ளேயே இரு.

8. எதையும் தொடாதே, எதன்மேலும் நிற்காதே. கல் என்று நீ காலை ஊன்றுவது ஆயிரக்கணக்கான சின்ன உயிர்கள் கட்டிய வீடு. 2010இல் கடல் சூடேறியபோது அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. தேறி வருவதற்கு எத்தனை வருடம் பிடிக்கிறது என்று அங்கே இருந்து பார்த்தவளுக்குத் தெரியும். படத்துக்காகக் கடல் அட்டையையோ நட்சத்திர மீனையோ எடுத்து உன் கையில் வைக்கும் வழிகாட்டி வந்தால் "வேண்டாம் அண்ணா, அப்படியே விட்டுவிடுங்கள்" என்று சொல். கல்மீன் கல்லைப்போலவே கிடக்கும், முள்ளில் விஷம். முதுகில் சன் ஸ்கிரீனை அப்பிக்கொண்டு இறங்குவதற்குப் பதில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்; முதுகு வெந்து இரவெல்லாம் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டியிருக்காது. கரையில் ஒதுங்கிய செத்த பவளத்தையும் சங்கையும் பையில் போடாதே. பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. விமான நிலையத்தில் பையைப் பிரித்து எடுப்பார்கள்.

9. விலையைக் கேட்பதற்கு முன் ஆளைப் பார். ஓர் இன்ஸ்ட்ரக்டர் எத்தனை பேரைக் கூட்டிப்போகிறார், அவர் சான்றிதழ் எந்த மட்டத்தது, படகில் அவசரத்துக்கு ஆக்ஸிஜன் இருக்கிறதா, இறங்குமுன் ஆழமில்லாத தண்ணீரில் பழக்குவாரா. இந்த நாலு கேள்விக்கும் சிரித்த முகத்தோடு பதில் சொல்கிற இடத்துக்குப் போ. "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, வாங்க" என்கிற இடத்திலிருந்து திரும்பி நட. மொழியும் முக்கியம்: தமிழோ ஆங்கிலமோ இந்தியோ, உனக்குச் சந்தேகம் கேட்க வருகிற மொழியில் பேசும் ஆளைக் கேட்டு வாங்கு. போர்ட் பிளேரில் தமிழ் தாராளமாகப் புழங்கும்.

10. காலம் பார்த்துப் போ. நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை நல்ல காலம். மே பிற்பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்துவிட்டால் கடல் கலங்கும், படகுகள் ரத்தாகும். எந்த மாதமானாலும் காலை வேளையை எடுத்துக்கொள்.

11. இறங்கமாட்டேன் என்று சொல்ல உனக்கு எப்போதும் உரிமை உண்டு. பணம் கட்டிய பிறகும், உடை மாட்டிய பிறகும், படகு விளிம்பில் உட்கார்ந்த பிறகும். புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் அப்படி விளிம்பில் உட்கார்ந்து, "எனக்கு இன்றைக்கு வேண்டாம்" என்றாள். கணவன் முகம் சிறுத்துப்போயிற்று. படகோட்டிக் கிழவர்தான், "கடல் நாளைக்கும் இங்கேதான் தம்பி இருக்கும்" என்று சொல்லி அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். உன்னோடு வருகிறவர் வேண்டாம் என்றாலும் கேலி செய்யாதே, கெஞ்சாதே.

12. பிடித்துப்போனால் முறையாகப் படி. மூன்று நான்கு நாள் ஓப்பன் வாட்டர் பயிற்சி இருக்கிறது; முடித்தால் துணையோடு 18 மீட்டர்வரை போகலாம். அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள், இந்த முறை அவசரப்படாதே.

13. நாட்களை இப்படி அடுக்கு. முதல் நாள் ஹேவ்லாக் போய்ச் சேர், ஓய்வெடு. இரண்டாம் நாள் காலை எலிஃபண்ட் பீச்சில் ஸ்நார்கலிங். தண்ணீர் உனக்குப் பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பிடித்திருந்து, காதும் மூக்கும் சரியாக இருந்தால் மூன்றாம் நாள் காலை ஸ்கூபா. இல்லையென்றால் அன்றைக்கும் ஸ்நார்கலிங்தான், நீல் தீவில். ஸ்கூபா முடித்து விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். அழுத்தத்தால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் பிடிக்கும். நான் ஒரு முழுநாள் விடச் சொல்வேன். ஸ்நார்கலிங்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆசை மிச்சமிருந்தால் கடைசி நாளும் மிதக்கலாம். காற்றடித்தால் கப்பல் ரத்தாகும் என்பதால் விமானம் ஏறுவதற்கு முந்தின இரவே போர்ட் பிளேருக்கு வந்துவிடு. டிக்கெட் போடுவதற்கு முன் தேதிகளை எனக்கு ஒருமுறை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அத்தை